தலைவர் முகம் உள்பக்கம்

பை ஒட்டுவதில் பசைக்காரருக்கு ஒரே ஒரு சட்டம்தான். தலைவர்கள் முகம் உள்பக்கம் போகவேண்டும். வெளிப்பக்கத்தில் சோப்பு விளம்பரம் வரலாம், மழை நிலவரம் வரலாம், காணாமல்போன நாயைப் பற்றிய அறிவிப்புகூட வரலாம். எந்தக் கட்சித் தலைவரும் வரக்கூடாது.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் மீன்கடைக்குக் கொடுத்த பை ஒன்றில் ஒரு தலைவரின் சிரித்த முகம் வெளியே வந்துவிட்டது. கருவாடு வாங்க வந்தவன் அந்தத் தலைவரின் கட்சிக்காரன். "எங்க ஐயா மூஞ்சியில கருவாடு கட்டுவியா?" என்று தராசைத் தூக்கி ரோட்டில் வீசினான். மீன்கடைக்காரர் அதே சூட்டோடு பசைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார் பாருங்கள், எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. அன்றிலிருந்து பசைக்காரர் கைக்கே கண் முளைத்துவிட்டது. தாளை எடுக்கும்போதே எந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று விரல் பார்த்துக்கொள்ளும்.

பசைக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து மைதா மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட ஆரம்பிக்கிற ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது? ரொட்டிக்கடைப் பைக்கு ஒரு பானை. ஆணிக்கடைப் பைக்கு இன்னொரு பானை. அதில் மட்டும் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் என்கிற விஷ உப்பைக் கொஞ்சம் கலப்பார். இரண்டு பானையும் மாறிவிடக்கூடாது என்று துத்தப் பானையின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வீட்டின் முன்னறையில் ஒரு சுவர் முழுக்க, விற்காமல் திரும்பி வந்த பேப்பர்க் கட்டுகள். ஏஜென்ட்டின் கிடங்கிலிருந்து நான்கைந்து நாள் கழித்து வரும். அதனால் அந்த வீட்டில் எந்தச் செய்தியும் இரண்டு தடவை நடக்கும். ஊரோடு சேர்ந்து ஒரு தடவை, கட்டாக வந்து இறங்கும்போது ஒரு தடவை.

அவர் மனைவி பேப்பரைத் தாள்தாளாகப் பிரித்து மடிப்பாள், அவர் பசை தடவுவார், காயவைக்கக் குறுக்கே கட்டிய கயிறுகள் நான்கு. மழைக்காலத்தில் பை காயாது. அறை முழுக்க ஈரக் காகித வாடை. அதற்குள்தான் சாப்பாடு, பேச்சு, சண்டை, தூக்கம் எல்லாம்.

ஊரில் இரண்டு பேப்பர். காலைப் பேப்பர் ஒரு கட்சிக்கு, மாலைப் பேப்பர் இன்னொரு கட்சிக்கு. இதை இரண்டு பேப்பரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் கண் தெரியாதவருக்கும் இது தெரியும். பசைக்காரர் மாலைப் பேப்பர் ஆள். முப்பது வருஷமாகச் சாயங்காலம் தேநீர்க்கடையில் டைலர் பக்கத்தில் உட்கார்ந்து அதை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் விலாசம் வரைக்கும் படிப்பார். காலைப் பேப்பரை அவர் கையால் தொடுவது பசை தடவத்தான். காலைப் பேப்பர் இவர்கள் கட்சித் தலைவரைப் பற்றி எழுதினால் அது அவதூறு. மாலைப் பேப்பர் அடுத்த கட்சித் தலைவரைப் பற்றி எழுதினால் அது செய்தி. இதில் அவருக்குக் குழப்பமே வந்தது கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் கட்சி அமைச்சர் மேல் ஒரு நர்ஸ் புகார் கொடுத்தாள். மாலைப் பேப்பர் நான்கு வரி போட்டது. அப்போது பசைக்காரர் கரண்டியும் கையுமாக நின்று, "இவளுங்களை எல்லாம் யாரு தூண்டி விடறான்னு எனக்குத் தெரியாதா? ஒரு மைக்கைக் கையில குடுத்தா போதும், கண்ணீர் தானா வந்துரும்" என்றார். எதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மகள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் கோப்பு அறையில் தற்காலிக வேலையில் இருந்தாள். வாரியத்துக்கு சேர்மனாக வந்தவர் இவர்கள் கட்சி ஆள். அவர் வந்த அன்று பசைக்காரர் தேநீர்க்கடையில் எல்லாருக்கும், "எம் பொண்ணு நம்ம ஆளுகிட்டதான் வேலை பாக்கறா" என்று சொல்லிக்கொண்டார். வரும் ஆனியில் அவள் வேலையை நிரந்தரம் செய்யவேண்டும். அதற்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் அந்த சேர்மன்தான்.

நடந்தது இதுதான். ஒரு பழைய கோப்பைப் பார்க்கவேண்டும் என்று சேர்மன் கோப்பு அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். அவள் தோளைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அவளுக்குச் சத்தம் வரவில்லை. எப்படியோ தள்ளிவிட்டு வெளியே ஓடிவந்தபோது ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. தபால் அனுப்பும் பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணியை எல்லாரும் டெஸ்பாட்ச் அக்கா என்பார்கள். அவள்தான் உள்ளே போய், சேர்மன் பார்க்கப் பார்க்க அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து இவள் காலடியில் வைத்தாள். "போட்டுக்கோம்மா. நீ ஓடிவந்ததை நான் பாத்தேன். எங்க வேணா சொல்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் சொன்னது பதினோராவது நாள், எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்து.

பசைக்காரர் பசை கிண்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் மகள் பக்கம் திரும்பினார். "பதினோரு நாளா? ஏம்மா எங்கிட்ட முதல்லயே சொல்லலை?"

"சொல்லணும்னுதாம்பா வந்தேன் முதல் நாளே."

"வந்து?"

"உன்னை யாரும்மா தூண்டி விட்டாங்கன்னு கேட்டுருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

 கரண்டி நின்றுவிட்டது. பசை அடிப்பிடித்துக் கருகிய வாடை வந்தபிறகு மனைவிதான் எழுந்துபோய்ப் பானையை இறக்கினாள்.

ஆனால் மனுஷனுடைய நம்பிக்கை லேசில் விடுகிறதா? மறுநாள் சொன்னார், "சேர்மன் ஒரு அயோக்கியன், சரி. பேப்பர் என்ன பண்ணும்? உண்மைன்னா நம்ம பேப்பர் எழுதாம இருக்காது. பாரு."

பார்த்தார். தினமும் தேநீர்க்கடையில் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறாவது நாள் மழை நிலவரத்துக்குக் கீழே மூன்று வரி வந்திருந்தது. வாரிய ஊழியர்களின் குறைகளை சேர்மன் பரிவுடன் கேட்டறிந்தாராம். பசைக்காரர் அந்த மூன்று வரியையும் நாலு தடவை படித்துவிட்டு, தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். "என்னண்ணே, ஆறிப்போகுது?" என்று டைலர் கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை.

அந்த வாரம்தான் குறுந்தாடி வந்தான். காலைப் பேப்பர் நிருபர். மழையில் நனைந்த பையோடு வந்து, ஈரக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, பேப்பர்க் கட்டின்மேல் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தது அவனுடைய பேப்பர்மேல்தான். முப்பது வருஷமாகத் திட்டிய பேப்பரின் ஆளுக்குப் பசைக்காரர் தன் கையால் தேநீர் கொடுத்தார்.

"ஐயா, நீங்க கவலையே படாதீங்க. பேர் போடமாட்டோம், தெரு போடமாட்டோம். நியாயம் கிடைக்கிற வரைக்கும் விடமாட்டோம்" என்றான். மகள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

"ஒரே ஒரு படம்மா. முதுகுப் பக்கமா. கண்ணைத் துடைக்கிற மாதிரி கை மட்டும் தெரியட்டும்."

"எனக்கு அழுகை வரலைங்களே."

"அழுகை வேணாம்மா. கை போதும்."

அவள் சுவரைப் பார்த்து நின்று கையைத் தூக்கினாள். அந்தக் கையில் பசை காய்ந்திருந்தது. அம்மா முந்திக்கொண்டு ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் பக்கத்தில் பாதி. 'சேர்மனின் மறுமுகம்! அலறி ஓடிய அபலைப் பெண்!' ஒரு பக்கம் சேர்மன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், இன்னொரு பக்கம் இவள் முதுகு. பசைக்காரர் விடிகாலையிலேயே போய் இரண்டு பேப்பர் வாங்கி வந்திருந்தார். சத்தம் போட்டுப் படித்தார். கண் கலங்கியது, பெருமையாகவும் இருந்தது.

"நான் அலறவே இல்லையேப்பா" என்றாள் மகள்.

"எழுதறவன் கொஞ்சம் கூடக்குறைய எழுதத்தான் செய்வான். விஷயம் வந்துருச்சில்ல?"

"புகார்ல அலறலைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். வாயடைச்சுப் போச்சுன்னு. இவர் அலறினேன்னு போட்டிருக்கார். நாளைக்கு எது நிஜம்னு கேப்பாங்க."

"கேக்கட்டும், சொல்லிக்கலாம்" என்றார். அவருக்கு அன்று யாரிடமும் குறை காண மனசில்லை. தன் பக்கம் பேச ஒரு பேப்பர் இருக்கிறதே, அது போதும்.

செவ்வாய்க்கிழமை மாலைப் பேப்பர் வாயைத் திறந்தது. 'யார் இந்தப் பெண்?' என்று தலைப்பு. ஆறு மாதத்தில் ஒன்பது நாள் தாமதமாக வந்தவளாம். வேலையில் கவனக்குறைவு என்று வாய்மொழி எச்சரிக்கை வாங்கியவளாம். காலைப் பேப்பர் நிருபர் வீடுவரை வந்து போகிற அளவுக்கு நெருக்கமாம். ஒன்பது நாளும் குழாய் உடைந்து ரோடு முழங்கால் தண்ணீரில் இருந்த நாட்கள். அந்தக் குழாய் குடிநீர் வாரியத்தினுடையது. அதை எழுத அதில் இடமில்லை போலிருக்கிறது.

தேநீர்க்கடையில் டைலர் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி என்று அவருக்குத் தெரியாது. வாரியத்தில் எத்தனையோ பெண்கள், பேர் இல்லையே. "பாத்தீங்களாண்ணே? நான் அன்னிக்கே சொன்னேன். இவளுங்களுக்கெல்லாம் பின்னாடி எவனாவது இருப்பான். மைக்கைக் குடுத்தா கண்ணீர் தானா வந்துரும்."

கண்ணீர் தானா வந்துரும் என்பது நர்ஸ் விஷயத்தில் பசைக்காரர் தேநீர்க்கடையிலும் சொன்ன வார்த்தை. இவரிடமிருந்து கற்றுக்கொண்டு, இவருக்கே திருப்பிச் சொல்கிறார் டைலர். பசைக்காரர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். அன்று அவருக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. ஆத்திரத்துக்கு ஒரு வழி வேண்டுமே, அது வியாழக்கிழமை வந்து இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பேப்பரை ஏஜென்ட் கூடுதலாக வாங்கியிருந்தார், நல்லா விற்கும் என்று. அன்று பகல் முழுக்க அடித்த மழையில் ஒருவரும் கடைத்தெருவுக்கு வரவில்லை. எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆறு கட்டு. பிரித்தால் எல்லாவற்றிலும் மகளின் முதுகு.

மகள் அப்போது வீட்டில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை விசாரணைக் குழு. சாட்சி சொல்ல வருவீர்களா என்று டெஸ்பாட்ச் அக்காவை இன்னொரு தடவை கேட்டுவரப் போயிருந்தாள்.

பசைக்காரர் முதல் தாளை எடுத்தார். விரல் பழக்கத்தில் அதைக் கவிழ்த்தது. அவர் மறுபடி நிமிர்த்தினார். தலைப்பு வெளியே, சேர்மன் மூஞ்சி வெளியே. அழுத்தி மடித்தார்.

மனைவி பார்த்துவிட்டாள். "ஏங்க, என்ன பண்றீங்க?"

"ஊருக்குத் தெரியட்டும். அவன் மூஞ்சியில ரொட்டி கட்டட்டும், ஆணி கட்டட்டும்."

"வேணாங்க. அவ வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பேப்பர்ல வந்ததுதானே? நாம புதுசா என்ன எழுதிட்டோம்? அவனுங்க வீடுவீடாப் பேப்பர் போடறானுங்கல்ல, நானும் வீடுவீடாப் போடறேன். மடி."

அவள் மடிக்கவில்லை. அவரே மடித்தார், அவரே தடவினார். காயாத பைகளை அடுப்புக்கு மேல் பிடித்துக் காயவைத்தார். மூன்று மணிக்கு மழை விட்டதும் ரொட்டிக்கடைக்கு ஒரு கட்டு, மருந்துக்கடைக்கு ஒன்று, ஆணிக்கடைக்கு ஒன்று என்று சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மகள் வந்தவள் கயிற்றில் தொங்கிய மிச்சப் பைகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் புரியவில்லை அவளுக்கு. புரிந்ததும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"குடுத்துட்டீங்களாப்பா?"

"குடுத்துட்டேன். இப்பத் தெரியட்டும் அவன் யாருன்னு."

"அவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்பா. நான் யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "பேர் இல்லை, தெரு இல்லை. இந்த ஊர்ல பை எந்த வீட்டுல இருந்து வருதுன்னு யாருக்குப்பா தெரியாது? இத்தனை வருஷத்துல ஒரு தலைவர் மூஞ்சி வெளிய வந்ததில்லை. இன்னிக்கு மட்டும் ஏன் வந்துச்சுன்னு கேக்கமாட்டாங்களா?"

பசைக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆணிக்கடையில் கட்டு பிரிக்காமல் இருந்தது, வாங்கிக்கொண்டார். மருந்துக்கடையில் கால்வாசி போயிருந்தது. ரொட்டிக்கடையில் சாயங்கால வியாபாரம் முடிந்து அடியில் பத்துப் பை கிடந்தது. ரொட்டிக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பசைக்காரரே, அந்தப் பொண்ணு உங்க பொண்ணா?" என்றார். இவர் அந்தப் பத்துப் பையையும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதுவே பதிலாகிவிட்டது.

சனிக்கிழமை மாலைப் பேப்பரின் முதல் பக்கத்தில் அந்தப் பை வந்தது. உள்ளே இரண்டு ரொட்டி எட்டிப் பார்க்கிறது. 'பொட்டலம் கட்டிப் பரப்பப்படும் புகார்! பின்னணியில் யார்?' பை செய்யும் குடும்பம் ஒன்று எதிர்க்கட்சிப் பேப்பரைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கடைகளுக்கு விநியோகித்ததாகத் தெரிகிறதாம். திட்டமிட்ட சதியாம். வீட்டின் வாசல் படமும் இருந்தது. வாசலில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பானை.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்பாட்ச் அக்கா வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று குடையோடு வாசலிலேயே நின்றாள். பசைக்காரர் மனைவி, "உள்ள வந்து சொல்லும்மா, நனையறே" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.

"இல்லம்மா, போகணும். நான் பாத்தேன், அது பொய்யில்லை. செருப்பை நான்தான் எடுத்தேன். ஆனா இப்ப நான் போய்ச் சொன்னா சாட்சின்னு எழுதமாட்டாங்கம்மா, கூட்டாளின்னு எழுதுவாங்க. எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. வீட்டுக்காரர் படுத்த படுக்கை."

"அக்கா, நீங்க எதையும் கூட்டிச் சொல்லவேணாம். பாத்ததை மட்டும் சொன்னா போதும்" என்றாள் மகள்.

"பாத்ததை மட்டும் எவன் எழுதறான் சொல்லு?" டெஸ்பாட்ச் அக்கா அழுதாள். அழுதுகொண்டே போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். இருபது நிமிஷத்தில் முடிந்தது. கோப்பு அறையைப் பற்றி மூன்று கேள்வி, பையைப் பற்றிப் பதினோரு கேள்வி. பேப்பரில் அலறினேன் என்று இருக்கிறது, புகாரில் அலறவில்லை என்று இருக்கிறது, இதில் எது உண்மை என்று கேட்டார்கள். அலறவில்லை என்பதுதான் உண்மை என்றாள். அப்படியானால் பேப்பருக்குப் பொய் சொன்னீர்களா என்றார்கள். பசைக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, பை விஷயம் நான் செய்தது, அவளுக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல அனுமதி கேட்டார். தேவையில்லை என்று வாசல்காரர் சொல்லிவிட்டார். அங்கேயே நின்று வாசல்காரரிடம் சொன்னார். வாசல்காரர் பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நிரூபிக்கப்படவில்லை என்று முடிவு வந்தது. அவள் வேலை நிரந்தரம் ஆகவில்லை, நீட்டிக்கப்படவும் இல்லை. மாலைப் பேப்பர் அதை முதல் பக்கத்தில் போட்டது. காலைப் பேப்பரில் அதைத் தேடிப் பார்த்தார் பசைக்காரர். ஒரு வரிகூட இல்லை. குறுந்தாடிக்குப் போன் செய்தார்.

"ஐயா, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்த ஸ்டோரி முடிஞ்சுபோச்சுங்க. இப்ப எங்களுக்கே வேற ஒரு தலைவலி" என்றான்.

என்ன தலைவலி என்பது இரண்டு நாளில் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி காலைப் பேப்பர் கட்சியின் ஆள் ஒருவர்மேல் புகார் கொடுத்திருந்தாள்.

"அண்ணே! வாங்க, வாங்க! ரொம்ப நாளாச்சு" என்று டைலர் தேநீர்க்கடையிலிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டார். பை விஷயத்துக்கப்புறம் டைலர் இவர் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். பழைய சிநேகம் விட்டுப்போகுமா, இன்று ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. "பாருங்க, நம்ம பேப்பர் அவனுங்களைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கு!"

பசைக்காரர் உட்கார்ந்தார். மாலைப் பேப்பரில் பாதிப் பக்கம். ஒரு பெண்ணின் முதுகு, கண்ணைத் துடைக்கிற கை. அபலையின் கண்ணீருக்குப் பதில் என்ன என்று கேட்டிருந்தது. அந்தக் கட்சி ஆள் கதவைச் சாத்தினாராம், இவள் அலறினாளாம். படித்துக்கொண்டே வந்தவருக்கு, மாட்டினியா மகனே என்று உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. வந்தேவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், அது யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? அடுத்த நொடியே சிரித்தது தான்தானா என்று அவருக்குத் திக்கென்றது. கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துப் பெஞ்சில் கிடந்த காலைப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். 'யார் இந்தப் பெண்?' என்று கேட்டிருந்தது. டிக்கெட் கணக்கில் இரண்டு தடவை குளறுபடி செய்தவளாம்.

"என்னண்ணே, சந்தோஷமா இல்லையா உங்களுக்கு?" என்றார் டைலர். நிஜமாகவே கேட்டார்.

"டைலரே, அவ வீட்டுல அப்பா இருக்காராமா?" என்றார் பசைக்காரர்.

"யாரு வீட்டுல?"

"ஒண்ணுமில்லை. தேநீர் சொல்லுங்க."

அந்த வாரக் கடைசியில் ரொட்டிக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். பை வேண்டுமாம், பழையபடி செய்துகொடுக்கவேண்டுமாம். கடைக்குப் போன பசைக்காரரிடம் கறாராகச் சொன்னார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அன்னிக்கு சேர்மன் ஆளுங்க நாலு பேர் வந்து கண்ணாடி அலமாரியை உடைச்சுட்டுப் போனானுங்க. இன்னொரு தடவை எந்தத் தலைவன் மூஞ்சியாவது வெளிய தெரிஞ்சுதோ, பிளாஸ்டிக் பைக்கு மாறிடுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"வராதுங்க" என்றார் பசைக்காரர்.

மறுநாள் மத்தியானம். மழை பெய்துகொண்டிருந்தது. பசைக்காரர் கிண்டிக்கொண்டிருந்தார். மனைவி கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் மடிப்பு மணையை முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேலை போனதிலிருந்து மடிப்பு முழுக்க அவள்தான். அம்மாவைவிட வேகம். ஐந்து மணிக்குள் ரொட்டிக்கடைக்கு ஒரு கட்டு போயாகவேண்டும்.

கட்டைப் பிரித்தாள். மாலைப் பேப்பர். முதல் பக்கத்தில் சேர்மன் சிரித்துக்கொண்டு ரிப்பன் வெட்டி ஒரு நீரேற்று நிலையத்தைத் திறந்துவைக்கிறார். களங்கமற்றவர் என்று குழுவே சொல்லிவிட்டதாகப் படத்துக்குக் கீழே போட்டிருந்தது. அவள் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளைத் திருப்பினாள். பின்பக்கம், இரண்டாம் பக்கத்தில் பாதி, அந்தப் பேருந்து நிலையப் பெண். முதுகும், கண்ணைத் துடைக்கிற கையும். மாலைப் பேப்பர் மொத்தமே ஒரு தாள்தான். முன்னால் அவன், பின்னால் அவள்.

பசைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் முகம் உள்ளே போனால் அவள் வெளியே வருவாள். அவள் உள்ளே போனால் அவன் வெளியே வருவான்.

"வேற கட்டு இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பழசெல்லாம் நனைஞ்சுபோச்சு, இன்னிக்கு வந்ததே இது ஒண்ணுதான். மழை பாரு."

அவள் தாளை ஒரு தடவை நிமிர்த்தினாள், ஒரு தடவை கவிழ்த்தினாள். அந்தப் பெண்ணின் கையில் வளையல் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இவளும் அழுதிருக்கமாட்டாப்பா. சும்மா கையைத் தூக்கச் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு, "விட்டுருடி. இன்னிக்கு ஒருநாள் பை போகலைன்னா குடி முழுகிடாது" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் தெரியும், இன்று போகாவிட்டால் நாளையிலிருந்து பிளாஸ்டிக் பைதான் என்று.

மகள் சேர்மனின் முகத்தை மேலே பார்க்க மணையில் வைத்தாள். ஓரத்தை அதன்மேல் மடக்கினாள். அடுத்த ஓரத்தையும் மடக்கினாள். சிரிப்பு, கழுத்து, கத்தரிக்கோல் பிடித்த கை எல்லாம் ஒரு கறை படாமல் உள்ளே போயின. கட்டைவிரலால் மடிப்பை நீவிவிட்டாள். வெளியே அந்தப் பெண்ணின் முதுகு வந்தது.

"இதுக்குத் துத்தம் போடாத பசைதானேப்பா?" என்று கையை நீட்டினாள்.

பசைக்காரர் வெளியே வந்திருந்த அந்த முதுகைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, சிவப்புத் துணி கட்டாத பானையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் தடவி ஒட்டிவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள்.